அம்மாவுக்குக் கடலில் சூரியன் மறைவதைக் காட்ட வேண்டும், அந்தமானில் எந்தக் கரைக்குப் போகலாம்?

நாகைப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி மூன்றாம் வாரம் அம்மாவை அந்தமான் கூட்டிப்போகிறேன். நான், அம்மா, என் பையன் (9 வயது), மூன்றே பேர். ஐந்து இரவுகள்.

காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்கிறேன், அப்போதுதான் எனக்கு என்ன வேண்டும் என்று புரியும். அம்மா பிறந்தது வளர்ந்தது எல்லாம் நாகப்பட்டினம். கல்யாணத்துக்கு அப்புறம் திருச்சி. சின்ன வயதில் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் சூரியன் தண்ணீரிலிருந்து மேலே வருவதை எத்தனையோ தடவை பார்த்தவர். ஆனால் சூரியன் கடலுக்குள் இறங்குவதை இந்த 63 வயது வரை ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. எங்கள் கரை கிழக்கு பார்த்த கரை. சாயங்காலம் ஆனால் சூரியன் ஊருக்குப் பின்னால், வீடுகளுக்கும் தென்னை மரங்களுக்கும் நடுவே எங்கேயோ போய்விடும். போன மாதம் டிவியில் ஏதோ ஒரு தீவைக் காட்டினார்கள், சூரியன் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக நின்றது, அம்மா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று பார்த்தார். "நேர்ல பாத்தா எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு ராத்திரியே நான் விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், ஒரு டிராவல்ஸில் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு நாலு இடம். இரண்டாம் நாள் "மாலை 6 மணி ராதாநகர் கடற்கரை". மூன்றாம் நாள் "எலிஃபெண்ட் பீச், பிறகு காலாபத்தரில் சூரிய அஸ்தமனம்". நான்காம் நாள் நீல் தீவில் ஒரே மதியத்தில் பாரத்பூர், இயற்கைப் பாலம், லக்ஷ்மண்பூர் மூன்றும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சமதரையில் மெதுவாக நடப்பார், பாறை, படி என்றால் கஷ்டம். எனக்கு ஊர் சுற்றுவது முக்கியம் இல்லை. அம்மா நிம்மதியாக உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இந்தத் திட்டம் சரியாக வருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்குவாசல்:

நாகைப்பெண், முதலில் அந்த "மாலை 6 மணி ராதாநகர்" என்பதை அடித்துவிடுங்கள். ஜனவரி மூன்றாம் வாரத்தில் அங்கே சூரியன் 5.15 வாக்கில் மறைந்துவிடும். ஆறு மணிக்குப் போனால் கும்மிருட்டுதான் இருக்கும்.

கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் அந்தமான் நம்மைவிட ரொம்பக் கிழக்கே இருக்கிறது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது, அந்தமான் கிட்டத்தட்ட 93 பாகையில் கிடக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் நாற்பது நிமிடத்துக்கு மேல் முந்திவிடுகிறது. நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம் என்றால் 5 மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். நம் ஊர்ப் பழக்கத்தில் "சாயங்காலம் தானே, டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்" என்று நினைத்தால் தவறிப்போகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா அம்மாவோடு போயிருந்தேன். எங்களுக்கு ஏற்பாடு செய்தவர்கள் மதியம் முழுக்கக் கடைகளில் நிறுத்தி நிறுத்தி, 5.35-க்கு ராதாநகர் வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள். கூட்டம் முழுக்க எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் மட்டும் உள்ளே போகிறோம். வானத்தில் அடியில் ஒரு கீற்று மட்டும் சாம்பல் கலந்த சிவப்பாக இருந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். மறுநாள் திட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாங்களே ஒரு ஆட்டோ பிடித்து மூன்றரை மணிக்குப் போய் உட்கார்ந்துவிட்டோம். அந்த மாலையைப் பற்றித்தான் அப்பா இன்னமும் பேசுகிறார்.

அடுத்து காலாபத்தர். அது ஹேவ்லாக் தீவின் கிழக்குக் கரை. அங்கே சூரிய உதயம் பார்க்கலாம், அருமையாக இருக்கும், அஸ்தமனம் கிடையாது. திட்டம் எழுதியவர் எந்தத் திசை என்று யோசிக்கவே இல்லை. உங்கள் அம்மா நாகப்பட்டினத்தில் பார்த்ததையே மறுபடி பார்க்க இவ்வளவு தூரம் வருவதா? இன்னொன்று, ஹேவ்லாக்கில் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் 3-ம் எண், 5-ம் எண் கடற்கரைப் பக்கம், அதாவது கிழக்குப் பக்கம் இருக்கின்றன. அதனால் விடுதி வாசலில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ராதாநகர் மேற்குக் கரையில், தீவின் மறுபக்கம். படகுத்துறையில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

முழங்கால் விஷயத்தில் கவலை வேண்டாம். ராதாநகரில் வண்டி நிற்கும் இடத்தில் இருந்து கொஞ்சம் நடை, பெரிய பெரிய மரங்களுக்கு நடுவே. கடல் மஹுவா என்று சொல்வார்கள், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அந்த நிழலைத் தாண்டிய உடனே வெள்ளை மணல். சரிவும் ரொம்ப மெதுவான சரிவு. கரை இரண்டு கிலோமீட்டர் நீளம் இருக்கும், கூட்டமெல்லாம் வாசலுக்கு நேராகத்தான் நிற்கும், ஐந்து நிமிடம் பக்கவாட்டில் நடந்தால் உங்களுக்கென்று ஒரு இடம் கிடைக்கும். வீட்டிலிருந்து ஒரு பாய் கொண்டுபோங்கள், பிளாஸ்டிக் பாயாக இருந்தால் மணலை உதறிவிடலாம். அம்மா சாய்ந்து உட்கார ஒரு காற்றடைத்த தலையணையும். 3.45-க்கு அங்கே இருங்கள்.

முக்கியமாக, சூரியன் மறைந்ததும் எழுந்துவிடாதீர்கள். முக்கால்வாசிப் பேர் அந்த நிமிடமே மணலைத் தட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அதற்கு அப்புறம் வரும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வானம் முழுக்கப் பற்றிக்கொள்ளும். ஆட்டோக்காரரிடம் "இருட்டும் வரை இருப்போம், காத்திருக்க வேண்டும்" என்று முதலிலேயே பேசி விலை முடித்துக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு அங்கே வண்டி தேடுவது சிரமம்.

தீவுத்தமிழன்:

நான் போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா ராமநாதபுரம் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். இங்கே தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கிறோம், கடைகளில், ஆட்டோ ஸ்டாண்டில் தமிழில் பேசிப் பாருங்கள், பதில் வரும். அம்மாவுக்கு அது ஒரு தைரியமாக இருக்கும்.

மேற்குவாசல் சொன்ன எல்லாமே சரி. ஊர்ப்பெயர்களில் குழப்பம் வராமல் இருக்க ஒன்று சொல்கிறேன். 2018 டிசம்பரில் இருந்து ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீப், நீல் தீவுக்கு ஷஹீத் தீப். 2024-ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும், பேச்சில் பழைய பெயர்தான். படகு டிக்கெட்டில் பெயர் வேறாக இருக்கிறதே என்று பதறாதீர்கள்.

உங்கள் அம்மா கேட்டது சூரியன் கடலுக்குள் இறங்குவது. அப்படியானால் எல்லா "சன்செட் பாயிண்ட்"டும் உங்களுக்கு ஒத்து வராது. போர்ட் பிளேரில் கார்பின்ஸ் கோவ் கிழக்கு பார்த்தது, அங்கே கிடையாது. சிடியா டாப்பு 25 கிலோமீட்டர், தெற்கு முனை. அங்கே மாலை அழகு எங்களுக்கெல்லாம் உயிர், ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டோடு கிளம்பிப் போவோம். ஆனால் அங்கே திறந்த கடல் கிடையாது, எதிரே தீவும் குன்றும் குறுக்கிடும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தப் பக்கத்து நிலம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது, அப்போது செத்துப்போன மரங்கள் கரையோரங்களில் இன்னமும் வெறும் கட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். மாலை வெளிச்சத்தில் அந்த மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு நான் அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

தடையில்லாத கடல் வேண்டும் என்றால் ராதாநகரும், நீலில் லக்ஷ்மண்பூரும்தான். நீல் சின்னத் தீவு, எங்கே போனாலும் சில நிமிடம். அங்கே கடற்கரைகளுக்கு ராமாயணப் பெயர்கள், பாரத்பூர், சீதாபூர், லக்ஷ்மண்பூர் என்று. நாட்டுப் பிரிவினைக்கு அப்புறம் கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்து குடியேறிய வங்காளிகள்தான் அங்கே அதிகம். சீதாபூரில் உதயம், லக்ஷ்மண்பூரில் அஸ்தமனம். லக்ஷ்மண்பூரில் ராதாநகர் மாதிரி மெத்து மணல் எல்லா இடத்திலும் இருக்காது, உடைந்த பவளத் துண்டும் சிப்பியும் காலைக் குத்தும், அம்மாவுக்குப் பின்பட்டி உள்ள செருப்பு போட்டுவிடுங்கள். இயற்கைப் பாலம் இருப்பது லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரை, தண்ணீர் வற்றியிருக்கும்போது வழுக்குப் பாறை மேல் நடந்துதான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம். பையனை நீங்கள் காலையில் தனியாகக் கூட்டிப் போய் வாருங்கள், அம்மா பாரத்பூரில் நிழலில் உட்கார்ந்து இளநீர் குடிக்கட்டும்.

நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். மாலையில் தண்ணீர் வற்றியிருந்தால் ஈர மணல் அகலமாகக் கிடக்கும், வானத்து நிறம் அப்படியே கீழேயும் விழும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம். விடுதியில் கேட்டாலே அன்றைய நேரம் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ராதாநகரில் பொழுது சாயும்போது தண்ணீரில் இருப்பவர்களை விசில் அடித்து வெளியே வரச் சொல்வார்கள். தீவுகளில் உப்புநீர் முதலைகள் உண்டு, 2010-ல் அந்தப் பக்கத்தில் ஒரு உயிரே போயிருக்கிறது. விசில் சத்தம் கேட்டால் பையனை உடனே வெளியே கூப்பிடுங்கள், இன்னும் ஒரு அலை என்று நிற்க விடாதீர்கள். அப்புறம் சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். சட்டப்படி தவறு, விமான நிலையத்தில் பையைச் சோதித்து எடுத்துவிடுவார்கள். குழந்தை அழும்.

மணல் ஈயும் கடிக்கும், பொழுது சாயும் நேரத்தில் அதிகம். தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலை மூடின துணி போட்டால் போதும்.

தெற்குமுனை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க அந்தமான் வரை போக வேண்டுமா? திருச்சியில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்ததும் கன்னியாகுமரி. குளிர்காலத்தில் அங்கே சூரியன் கடலில் இருந்து எழுவதையும் கடலில் விழுவதையும் ஒரே ஊரில் பார்க்கலாம். செலவு பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. நான் என் பாட்டியை அங்கேதான் கூட்டிப்போனேன், அவர் அதற்கே கையெடுத்துக் கும்பிட்டார். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன், பணம் இல்லை என்று அம்மா அப்பாவைக் கூட்டிப்போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாகைப்பெண்:

தெற்குமுனை, நீங்கள் சொன்னதை நான் நல்ல விதமாகவே எடுத்துக்கொள்கிறேன். நான் கன்னியாகுமரியைத்தான் முதலில் சொன்னேன். ஆனால் அம்மா டிவியில் பார்த்தது ஒரு தீவு. அவர் வாயைத் திறந்து ஒன்று கேட்டது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது, அதற்கு முன்னாலும் அவர் கேட்டதில்லை. அதனால் தீவுக்கே போகிறோம். இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுப் பணத்தை இதற்கென்று வைத்திருக்கிறேன்.

மேற்குவாசல், தீவுத்தமிழன், இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. திட்டத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். முதல் இரவு போர்ட் பிளேர், இரண்டு இரவு ஹேவ்லாக், ஒரு இரவு நீல், கடைசி இரவு போர்ட் பிளேர். ஹேவ்லாக்கில் இரண்டு மாலையும் ராதாநகர் மட்டும். எலிஃபெண்ட் பீச்சை எடுத்துவிட்டேன், பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு பயம் இருக்கிறது. மேகம் மூடிவிட்டால் என்ன செய்வது? இன்னொன்று, பையன் பள்ளிக்கூடத்தில் கேட்கச் சொன்னார்களாம், சூரியன் ஏன் சிவப்பாகிறது, ஏன் கீழே வரும்போது நசுங்கித் தெரிகிறது என்று. யாராவது எளிமையாகச் சொன்னால் அவனுக்குப் படித்துக் காட்டுவேன்.

இயற்பியல்வாத்தியார்:

பையனுக்காக எழுதுகிறேன், நீங்களும் படியுங்கள்.

தம்பி, சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. காற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் நாலா பக்கமும் சிதற விடும். மத்தியானம் வெளிச்சம் நம் தலைக்கு மேலே இருந்து கொஞ்சம் காற்றைத் தாண்டி வருகிறது. சாயங்காலம் படுக்கை வசமாக, அதைவிடப் பல மடங்கு காற்றைத் தாண்டி வர வேண்டும். வழியிலேயே நீலமெல்லாம் சிதறிப் போய்விடுகிறது. உன் கண்ணுக்கு வந்து சேருவது மிச்சம் இருக்கும் சிவப்பும் ஆரஞ்சும்தான்.

நசுங்குவது வேறு விஷயம். தண்ணீர் டம்ளரில் போட்ட பென்சில் வளைந்து தெரிகிறது அல்லவா, அதுபோலக் காற்றும் வெளிச்சத்தை வளைக்கிறது. அடிவானத்துக்குப் பக்கத்தில் வளைவு அதிகம். சூரியனின் அடிப்பக்கத்து வெளிச்சம் மேல்பக்கத்தைவிட அதிகம் வளைவதால் அடி தூக்கினாற்போல் தெரியும், வட்டம் நசுங்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று இருக்கிறது: சூரியனின் அடி விளிம்பு கடலைத் தொடுவதாக நீ பார்க்கும்போது, உண்மையில் சூரியன் முழுசாக ஏற்கெனவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். நீ பார்ப்பது காற்று உனக்காக வளைத்துத் தூக்கிக் காட்டும் சூரியனை. பாட்டிக்கு இதைச் சொல்லு.

தொட்டதில் இருந்து முழுக்க மறைய இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். வேண்டுமானால் எண்ணிப் பார். அந்தத் தீவுகள் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்கும், இருட்டும் சீக்கிரம் வந்துவிடும். கடைசித் துளி மறையும் நொடியில், காற்று தெளிவாக இருந்தால், ஒரு பச்சைப் பொட்டு மின்னலாம். ஒன்றிரண்டு விநாடிதான். நான் பல வருடமாகத் தேடி இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் சூரியன் கூசும் அளவு பிரகாசமாக இருக்கும்போது முறைத்துப் பார்க்காதே. பைனாகுலரால் ஒருபோதும் பார்க்காதே.

இப்போது உன் அம்மாவுக்கு: மேகத்தைக் கண்டு பயப்படாதீர்கள். துளி மேகம் இல்லாத வானத்தில் சூரியன் மறைந்தால் சிவப்பு பரவ இடமே இல்லை. உயரத்தில் பஞ்சு பிய்த்துப் போட்டது போல் மெல்லிய மேகம் இருந்தால் அதுதான் நல்ல மாலை. மறைந்த பிறகும் உயரத்து மேகத்துக்கு வெளிச்சம் அடியில் இருந்து கிடைத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் மேற்குவாசல் காத்திருக்கச் சொல்கிறார். மேற்கு அடிவானத்தில் கனத்த கருமேகம் சுவர் போல் எழுந்தால் மட்டும்தான் அன்றைக்கு இல்லை. அதற்காகத்தான் ஒரே இடத்துக்கு இரண்டு மாலை. நீங்கள் செய்தது சரியான முடிவு. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. மே மாதத்தில் இருந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அப்போது போகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

கப்பல்காதலன்:

நான் வேறு ஒரு அனுபவம் சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் இருந்து கப்பலில் போனேன், பங்க் வகுப்பு, மூன்று நாள் பயணம். சாப்பாடு சுமார்தான், முதல் நாள் வாந்தி, அதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூன்று மாலையும் மேல்தளத்துக்குப் போய்விடுவேன். சுற்றிக் கரையே கிடையாது, ஒரு பறவை கூட இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தேன், ஒவ்வொரு நாளும் சூரியன் கால்மணி நேரம் முன்னாலேயே மறைந்தது. கடிகாரத்தை யாரும் மாற்றவில்லை, நாங்கள்தான் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தோம். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் சுமார் 50 நிமிட வித்தியாசம் இருக்கிறது, விமானத்தில் இரண்டே கால் மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடுகிறோம், உடம்புக்கே தெரிவதில்லை. கப்பலில் போனால் உலகம் உருண்டை என்பது கண்ணுக்கு முன்னால் நடக்கும். முழங்கால் வலியோடு அம்மாவைக் கூட்டிப்போகச் சொல்லமாட்டேன், கப்பல் படிக்கட்டுகள் செங்குத்து. இளவயதுக்காரர்கள் ஒருமுறையாவது போங்கள்.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. நாகைப்பெண், முதல் மாலை போனைப் பைக்குள்ளேயே வையுங்கள். எடுப்பதாக இருந்தால் இரண்டாம் மாலை எடுங்கள். சூரியனை எடுக்காதீர்கள், அம்மாவின் முகத்தை எடுங்கள், அந்த வெளிச்சம் முகத்தில் விழுவது இருக்கிறதே, எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது.

நாகைப்பெண்:

ஹேவ்லாக்கில் இருந்து எழுதுகிறேன். பையன் தூங்கிவிட்டான், அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே உதவி செய்தவர்களுக்குச் சொல்லாமல் தூக்கம் வராது.

நேற்று மேகம் மூடிவிட்டது. நாலு மணிக்கே போய்ப் பாய் விரித்து உட்கார்ந்தோம், மேற்கே கருஞ்சுவர் மாதிரி எழுந்தது, சூரியன் அதற்குப் பின்னால் போனது போனதுதான். அம்மா "பரவால்ல, நாளைக்கு இருக்குல்ல" என்றார். ஒரே இடத்துக்கு இரண்டு நாள் வைக்கச் சொன்னீர்களே, அந்த நிமிடம் உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்கு மூன்றே முக்காலுக்குப் போனோம். அந்தப் பெரிய மரங்களுக்கு நடுவே நடக்கும்போதே அம்மா இரண்டு இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வாசலில் இருந்து இடப்பக்கமாகக் கொஞ்சம் நடந்து ஆளில்லாத இடத்தில் உட்கார்ந்தோம். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பையன் விசில் அடிக்கும் வரை தண்ணீரிலேயே கிடந்தான், விசில் கேட்டதும் ஓடி வந்துவிட்டான்.

ஐந்து மணிக்கு மேல் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். சூரியன் கீழே வர வர ஈர மணலில் ஒரு சிவப்புப் பாதை எங்கள் காலடி வரை நீண்டது. கடலைத் தொட்டதும் பையன் எண்ண ஆரம்பித்தான், சத்தமில்லாமல் உதட்டால். 138 எண்ணினான். பச்சைப் பொட்டு தெரியவில்லை, தெரிந்தது என்று அவன் சத்தியம் செய்கிறான். மறைந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். நாங்கள் இருந்தோம். முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி சாம்பலாக இருந்தது. அப்புறம் மேலே இருந்த மேகத்தின் அடிப்பக்கம் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அடுப்பில் கங்கு சிவக்கிற மாதிரி சிவந்து வானம் முழுக்கப் பரவியது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து, தானாகவே தண்ணீர் ஓரம் வரை நடந்து போய், கால் நனைய நின்றார். நான் பின்னால் போகவில்லை. போட்டோ எடுத்தேனா என்று கேட்காதீர்கள், கை போகவில்லை.

திரும்பும்போது மணி 5.40. கடற்கரையில் போனில் சிக்னல் இல்லை. ஆட்டோ 3-ம் எண் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது ஆறாகிவிட்டது, அங்கே நன்றாக இருட்டிவிட்டது, கடைகளில் விளக்கு எரிகிறது. சிக்னல் வந்ததும் அம்மா போனைக் கேட்டு வாங்கி நாகப்பட்டினத்தில் சித்திக்குப் போட்டார். "நான் பாத்துட்டேன்டி" என்றார். சித்தி ஏதோ கேட்டிருக்கிறார். "இங்கே அது போயிருச்சு, நான் அனுப்பி வச்சுட்டேன். நீ மாடிக்கு ஏறிப் பாரு, உன் ஊருக்கு இன்னும் போயிருக்காது" என்றார். சித்தி போனைக் காதில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறுவது எங்களுக்குக் கேட்டது. மூச்சு வாங்க, "ஆமாக்கா, இருக்கு, தென்னை மரத்துக்கு மேல இருக்கு" என்றார்.

நாளைக் காலை படகில் நீல் போகிறோம். தீவுத்தமிழன், பின்பட்டி செருப்பு வாங்கியாகிவிட்டது. லக்ஷ்மண்பூருக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

தீவுத்தமிழன்:

மூன்றரைக்குக் கிளம்புங்கள். படகுத்துறையில் ஆட்டோக்காரரிடம் லக்ஷ்மண்பூர் ஒன்று என்று சொல்லுங்கள், இரண்டு அல்ல. நாளைக்கு மேகம் குறைவாக இருக்கும் என்கிறார்கள்.